படி அளப்போரும் படி பெறுவோரும்

2025-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வந்தவாசிப் பகுதியிலிருந்து நம்மவர் இருபத்திரண்டு பேர் ஒரு வேனில் கழுகுமலைக்குத் தீர்த்தயாத்திரை சென்றோம். பாறைமுகத்தில் வரிசை வரிசையாக வீற்றிருக்கும் தீர்த்தங்கரர்களையும், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை இயக்கி முதலிய திருவுருவங்களையும் கண்குளிரத் தரிசித்தபின், சங்கரன்கோவில், தென்காசி வழியாகக் குற்றாலம் சேர்ந்தோம். இவ்வளவு தூரம் வந்தும் அருவியைக் காணாமல் திரும்புவதா என்று இளையோர் கேட்டபோது யாத்திரைக் குழுவினராகிய நம்மிடம் மறுமொழி இல்லை. நீருயிர்களுக்கு நேரும் துன்பத்தை எண்ணி மூத்தோர் மூவர் மட்டும் விடுதியிலேயே சாமாயிகத்தில் அமர்ந்துவிட்டனர். மற்றையோர் ஐந்தருவிக்குப் புறப்பட்டோம். அருவியின் அழகை எழுத வேறு பலர் இருக்கின்றனர். அங்கிருந்து திரும்பிய மாலையில் நம் வண்டியோட்டுநருக்கு நேர்ந்ததையும், அதன்பின் அறுநூறு ரூபாயைக் குறித்து நம்மிடையே எழுந்த வழக்கையும் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

சாரற்பருவத்தின் விடுமுறை நாள் அது. ஐந்தருவிச் சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நின்றன. கதிரவன் மேற்குமலைக்குப் பின் இறங்கத் தொடங்கியிருந்தான். பொழுது சாய்ந்தபின் நம்மவர் உண்பதில்லை என்பதை அன்பர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஆகவே அனைவரும் வேனைவிட்டு இறங்கி, விடுதிவரை விரைந்து நடந்தோம். பின்கட்டில் நம் சமையற்காரர் சூடாகச் சமைத்து வைத்திருந்தார். நேரத்திற்குள் உண்டோம்; நோன்பு பிழைக்கவில்லை என்ற நிறைவும் எய்தினோம். ஓட்டுநரால் வண்டியை நடுச்சாலையில் விட்டுவிட்டு நடந்துவர இயலாதன்றோ? அவர் வந்துசேர ஒரு மணிநேரத்திற்கு மேலாயிற்று. அப்போது பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. நம்முடன் வந்த மூத்த அம்மையார் ஒருவர், “சாப்பிட்டாயா தம்பி?” என்று வினவினார். “இருக்கட்டும்மா, வெளிய பாத்துக்கிறேன்” என்று கூறிவிட்டு அவர் கடைத்தெருப் பக்கம் போனார். மற்ற இரண்டு நாள்களிலும் மாலைவேளையில் வண்டி நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. நாம் இருக்கையிலிருந்தபடியே பொட்டலங்களைப் பிரித்து உண்டோம். அவருடைய கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன.

ஊர் திரும்பியபின் கணக்கு முடிக்கும்போது அவர் மூன்று இரவுகளுக்கு உணவுப்படியாக அறுநூறு ரூபாய் கேட்டார். வண்டி பேசியபோது, உணவு நாமே தருவோம் என்று கூறி நாள் ஒன்றுக்கு இருநூறு ரூபாயைப் பேட்டாவில் குறைத்திருந்தோம். அதையே அவர் நினைவூட்டினார். நம் குழுவினருள் ஒருவர் உடனே மறுத்தார். “குற்றாலத்தில் எந்த ஓட்டுநர் காசு கொடுத்து உண்கிறார்? விருந்தினரை அழைத்துவரும் ஓட்டுநருக்கு ஓட்டல்காரர்கள் இலவசமாகச் சோறு போடுவது ஊரறிந்த வழக்கம். இலவச உணவும் உண்டு, அதற்குப் படியும் வாங்குவது இரட்டைக் கூலி. கள்ளாமை விரதம் பூண்ட நாம் அதற்குத் துணைபோகலாமா?” என்று அவர் வாதிட்டார். அரை மணிநேரம் பேசி, முந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினோம். அதே கணக்குத் தாளில் ‘சில்லறைச் செலவு ரூ. 1,150’ என்று ஒரு வரி இருந்தது. குழுவினர் மூவர் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடச் செய்துகொண்ட செலவும் தேநீர்ச் செலவும் அதனுள் அடக்கம். அவ்வரியைப் பற்றி எவரும் வினவவில்லை. அம்மூவருள் நாமும் ஒருவர்.

வேனில் போகும்போது நடந்த உரையாடல் ஒன்றையும் இங்குக் கூறவேண்டும். அவ்வாண்டு மார்ச்சு மாதம் நாடாளுமன்ற உறுப்பினரின் மாத ஊதியம் ஒரு இலட்சத்திலிருந்து 1,24,000 ரூபாயாகவும், கூட்ட நாள்களுக்கான தினப்படி 2,000-இலிருந்து 2,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்தே கணக்கிட்டு வழங்கப்படும் என்று அறிவிப்பு வெளியாகியிருந்தது. திண்டிவனம் தாண்டியது முதல் திருச்சிவரை அதைப் பற்றியே பேச்சு. நாட்டுக்கு உழைக்க வந்தவருக்குச் சோற்றுக்காசு எதற்கு என்று அனைவரும் சினந்தோம். முன்னால் அமர்ந்து வண்டியோட்டியவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

அரசியலாளருக்கும் தொழிலாளருக்கும் உணவுப்படியும் செலவுப்பணமும் தருவது முறையா என்ற வினாவை அன்றுமுதல் நாம் பலவாறாக ஆராய்ந்து வருகின்றோம்.

படி என்பது முதலில் ஓர் அளவை. களத்தில் நெல்லைப் படியால் அளந்து கூலி கொடுத்த காலத்தின் எச்சம் அச்சொல்லில் தங்கியிருக்கின்றது. பயணப்படி, வீட்டு வாடகைப்படி என்று பின்னர்ப் பெருகிற்று. முன்பு பஞ்சப்படி என்று வழங்கியது இன்று அகவிலைப்படி எனப்படுகின்றது. வாயிலிடும் சோற்றிலிருந்து தோன்றியமையால் ‘படி அளத்தல்’ என்று கடவுளையும் அரசனையும் குறித்துக்கூட மக்கள் சொல்கின்றனர். ஓட்டுநர்கள் கூறும் ‘பேட்டா’ கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளின் வழியே வந்த சொல். போர்க்களம் செல்லும் படையினருக்கு ஊதியத்திற்கு மேல் கொடுத்த செலவுப்பணம் அது. நெல்லைக் குறிக்கும் கன்னடச் சொல்லே அதன் மூலம் என்று கூறுவோரும் உளர்.

அந்தப் பேட்டாவுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1757-இல் பிளாசிப் போருக்குப்பின் வங்காள நவாபு மீர் ஜாபர் ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பேட்டாவை இருமடங்காக்கிக் கொடுத்தார். போர் ஓய்ந்தது, நவாபும் மறைந்தார், இருமடங்குப் பேட்டா மட்டும் ஓயவில்லை. 1766-இன் தொடக்கத்தில் கிளைவு அதை நிறுத்தியபோது, அதிகாரிகள் தம்முள் கூடிப்பேசி ஒருசேரப் பதவி விலகுவோம் என்று கிளர்ந்தெழுந்தனர். அவர்களை அடக்குவது கிளைவுக்கு எளிதாக இருக்கவில்லை. வங்காளத்தில் தாம் குவித்த செல்வத்தைப் பற்றிப் பின்னர்ப் பாராளுமன்றத்தில் விடை கூறவேண்டியிருந்த அதே கிளைவுதான், பிறருடைய பேட்டாவில் இவ்வளவு கண்டிப்புக் காட்டினார். நம் யாத்திரைக் குழுவுக்கும் அவருக்கும் அளவில்தான் வேறுபாடு.

அரசியலாளருக்கு வருவோம். அவருக்கு ஒன்றும் கொடுக்கலாகாது என்பாருக்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கின்றது. இங்கிலாந்தில் நெடுங்காலம் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஊதியம் இல்லை. நிலக்கிழாரும் வணிகரும் ஊதியமின்றி அமர்ந்திருந்தனர்; நெசவாளரும் சுரங்கத் தொழிலாளரும் அமர இயலவில்லை. அதனால்தான் 1838-இல் சாசன இயக்கத்தார் தம் ஆறு கோரிக்கைகளுள் ஒன்றாக உறுப்பினருக்கு ஊதியம் வேண்டினர். பின்னர்த் தொழிற்சங்கங்கள் தம் உறுப்பினரிடம் நிதி திரட்டித் தம் பிரதிநிதிகளுக்குச் சோறு போட்டன. 1909-இல் பிரபுக்கள் சபை அதுவும் சட்டப்படி செல்லாது என்று தீர்த்தது. 1911-இல்தான் ஆண்டுக்கு 400 பவுன் ஊதியம் வழங்கத் தீர்மானித்தனர். நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் 400 ரூபாய் ஊதியமும் நாளொன்றுக்கு 21 ரூபாய் படியும் வகுத்தது. தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து தில்லி சென்று மாதக்கணக்கில் தங்கும் ஒருவர், சொந்தப் பணத்தில்தான் உண்ணவேண்டும் என்றால், சொந்தப் பணமில்லாத எவரும் தில்லிக்குச் செல்லமாட்டார். அல்லது வேறு யாரேனும் அவருக்குச் சோறு போடுவர். போட்டவர் பின்னர் அதற்கு ஈடு கேளாமல் இருப்பாரா?

குற்றாலத்தையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு பேரூராட்சி. தமிழ்நாட்டில் பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாயும், தலைவருக்கு 10,000 ரூபாயும் மதிப்பூதியம் என்று 2023 ஜூலை முதல்தான் ஏற்பட்டது. அதற்குமுன் கூட்டத்தில் அமர்ந்தமைக்கான சிறுபடி மட்டுமே. இலட்சக்கணக்கானோர் வந்து நீராடிப்போகும் ஊரில், குப்பையையும் கழிவறையையும் குடிநீரையும் பற்றி நாள்தோறும் மக்கள் வாயிற்படியில் வந்து கேட்கும் ஒரு வார்டு உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய் மிகுதி என்று நம்மால் கூற இயலவில்லை.

ஊதியத்தைத் துறப்பதே தூய்மைக்குச் சான்று என்பதும் உறுதியன்று. 1931-இல் கராச்சி காங்கிரசு, அரசுப் பணியாளருக்குப் பொதுவாக மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கூடாதென்று தீர்மானித்தது. 1937-இல் இராசாசி முதலிய காங்கிரசு முதலமைச்சர்கள் அவ்வளவே ஊதியமாகப் பெற்றனர். அது ஒரு வரம்பு. பரிக்கிரகப் பரிமாணம் என்று நம் சிராவகாசாரம் கூறும் அளவுகோலுக்கு ஒத்தது. ஆனால் 1991 முதல் 1996 வரை முதலமைச்சராயிருந்த செல்வி ஜெயலலிதா மாதம் ஒரு ரூபாயே ஊதியமாகப் பெற்றார். அக்காலத்துச் சொத்துகளைக் குறித்த வழக்கில் 2014-இல் சிறப்பு நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 2015-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 2017-இல் உச்சநீதிமன்றம் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. அதற்குமுன்பே அவர் மறைந்துவிட்டமையால் அவர்மீதான வழக்கு மட்டும் அற்றுப்போயிற்று. இல்லறத்தார் ஒருவர் முனிவருக்குரிய துறவை ஊதியப் பட்டியலில் மட்டும் மேற்கொள்வது பார்ப்போருக்கு வியப்பளிக்கலாம். அதைக்கொண்டு வேறொன்றையும் முடிவுசெய்ய இயலாது.

அப்படியாயின் குறை எங்கே தோன்றுகின்றது? முனிவர் ஆகாரம் ஏற்கும் முறையை இங்கு நினைவுகூர்வது பயன்தரும். அவர் சமைப்பதில்லை, சமைக்கச் சொல்வதில்லை, தமக்கென்று சமைத்ததை ஏற்பதுமில்லை. தமக்கென்று சமைத்ததை உத்திஷ்டம் என்று விலக்குவதன் நோக்கம் என்ன? தம் வயிற்றின் அளவைத் தாமே பிறர் அடுப்பில் நிர்ணயிக்கும் நிலை வரலாகாது என்பதே நாம் கண்ட பொருள். கழுகுமலையில் சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியருக்கு உணவளிக்க நிலம் விடப்பட்ட செய்தி கல்வெட்டில் உள்ளது. அங்கும் கொடுத்தவர் வேறு, உண்டவர் வேறு. எவ்வளவு, எதற்கு என்பதும் எல்லாரும் படிக்கக் கல்லிலே இருந்தது.

நம் நாடாளுமன்றத்தாருக்கோ, அரசியலமைப்பின் 106-ஆம் உறுப்பு அவர்தம் ஊதியத்தையும் படியையும் அவர்களே சட்டமியற்றி நிர்ணயிக்க இடமளிக்கின்றது. 2018-இல் விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானே உயரும்படி செய்தமை சிறிது நலம். ஒவ்வொரு முறையும் கைதூக்கும் வெட்கம் இல்லை. ஆயினும் அளப்பவரும் பெறுபவரும் ஒருவரே. 2009-இல் இங்கிலாந்தில் உறுப்பினர்தம் செலவுக் கணக்குகளை ஒரு நாளிதழ் வெளிப்படுத்தியபோது, ஒருவர் தம் மாளிகை அகழியைத் தூர்வாரிய செலவைக் கணக்கில் காட்டியதும், இன்னொருவர் குளத்தில் வாத்துகளுக்கு மிதக்கும் கூடு வாங்கியதற்குப் பணம் கேட்டதும் தெரியவந்தன. வாத்துக்கூட்டுக்கான பணம் மறுக்கப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். சபாநாயகர் பதவி விலகினார். செலவுகளை ஆராயத் தனி ஆணையம் ஏற்பட்டது. அவ்வுறுப்பினருள் பலர், விதி இடமளித்தது, ஆகையால் பெற்றோம் என்றனர். நம் கணக்கிலும் ‘சில்லறைச் செலவு’ என்ற தலைப்பு இடமளித்ததன்றோ? கொடுப்போர் அறிந்து கொடுத்தாலன்றி அது கொடுக்கப்பட்டதாகாது. இருபத்திரண்டு பேருடைய பொதுப்பணம் எங்கள் மூவரின் முதுகில் எண்ணெயாக வழிந்ததை மற்றவர் அறிந்திருக்கவில்லை.

நாடாளுமன்ற உணவகத்தின் கதை இதற்கு மறுபக்கம். மலிவுவிலைச் சோறு என்று நாடே பழித்தபின், 2021 ஜனவரியில் அங்கு மானியம் நிறுத்தப்பட்டது. வடக்கு இரயில்வேயிடமிருந்து அது சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் சென்றது. ஆண்டுக்கு எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று செய்திகள் கூறின. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அங்கு உண்டோர் உறுப்பினர் மட்டுமல்லர். அலுவலர், காவலர், கடைநிலை ஊழியர், செய்தியாளர் ஆகிய அனைவரும் அங்கேதான் உண்டனர். உறுப்பினர்மேல் எறிந்த கல் ஏவலர் இலையிலும் விழுந்தது.

இவ்விடத்தில்தான் நம் குழுவின் வாதத்தில் இருந்த பிழை நமக்குப் புலனாயிற்று. ஓட்டுநர் அறுநூறு ரூபாய் கேட்டபோது நாம் கள்ளாமை விரதத்தைக் கையிலெடுத்தோம். அவர் கொடாததைக் கொள்கின்றாரோ என்று ஆராய்ந்தோம். ஆனால் கொல்லாமை அணுவிரதத்திற்கு நம் ஆசாரியர்கள் ஐந்து அதிசாரங்கள் கூறியுள்ளனர்: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல். இறுதியிலுள்ள அன்னபான நிரோதத்தை நாம் சிறுவயதில் பாடசாலையில் மனப்பாடம் செய்தபோது, ஏரில் பூட்டிய மாட்டைப் பட்டினி போடலாகாது என்றே ஆசிரியர் விளக்கினார். நம்மைச் சார்ந்து உழைக்கும் மனிதருக்கும் அது பொருந்தும் என்பதில் ஐயமில்லை. தன் படியைத் தானே அளந்துகொள்பவரிடம் கள்ளாமையைக் கேட்கவேண்டும். பிறர் அளப்பதைப் பெறுபவர்திறத்திலோ, அளப்பவரிடம் கொல்லாமையைக் கேட்கவேண்டும். இரண்டையும் இடம்மாற்றிக் கேட்டோம்.

மேலும் அவர் இரட்டைக் கூலி பெறவும் இல்லை. ஓட்டல்காரர் ஓட்டுநருக்கு இலவசமாகச் சோறிடுவது, வண்டி நிறைய விருந்தினரைக் கொண்டுவந்து இறக்கியமைக்கு. அந்தச் சோற்றின் விலை விருந்தினரின் இலையில் ஏறியிருக்கும். நாமோ அடுப்பும் அரிசியும் சமையற்காரருமாகச் சென்றோம். கிழங்கும் வெங்காயமும் கலவாத உணவு ஓட்டலில் கிடைப்பதரிது என்பதால் எந்த ஓட்டல் வாயிலிலும் அவ்வண்டி நிற்கவில்லை. வெறும் வண்டியோடு வந்த ஓட்டுநருக்கு யார் இலை போடுவார்? நம் நோன்பினால் அவருக்கு இலவச உணவும் போயிற்று. பொழுது சாயுமுன் உண்ணும் நம் முறையினால் நாம் தருவதாகச் சொன்ன உணவும் போயிற்று. நோன்பு நம்முடையது, அதன் பட்டினி அவருடையது.

தொழில்தானே உண்டாக்கும் செலவைத் தொழிலாளி தலையில் ஏற்றலாகாது என்ற எண்ணம் சட்டத்திற்கும் புதிதன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் உழைக்கும் ஆலைகளில் உணவகம் அமைக்க வழிவகுத்தது. 2020-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்பு அதை 100 பேர் என்று குறைத்தது. 2025 நவம்பரில் சென்னைத் தூய்மைப் பணியாளருக்கு அரசு இலவச உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. விடியுமுன் தெருவில் நிற்பவர் எப்பொழுது அடுப்பு மூட்டுவார்? ஆனால் ஓட்டுநர், சமையற்காரர், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவோர், மேளக்காரர் என்று ஒருவர் இருவராக நம்மிடம் வந்து உழைப்போருக்கு எந்தச் சட்டப்பிரிவும் இலை போடுவதில்லை. அங்கு அளப்பவர் நாம்தான். குற்றாலத்தில் நம்மவர் நீராடிவிட்டுப் போட்ட பைகளையும் உறைகளையும் அன்றிரவே பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எப்போது உண்டார்கள் என்பதையும் நாம் கேட்கவில்லை. அவர்களை நாம் அமர்த்தவில்லை என்று சொல்லித் தப்பலாம். ஓட்டுநர்திறத்தில் அப்படிச் சொல்ல வழியில்லை.

சமாதானம் என்ற பெயரில் பாதிப்பணம் கொடுத்தமை இவற்றுள் மிகத் தாழ்ந்தது என்று இப்போது எண்ணுகின்றோம். அவர் கேட்டது தவறாயின் ஒன்றும் கொடுத்திருக்கலாகாது. சரியாயின் முழுவதும் கொடுத்திருக்கவேண்டும். முந்நூறு ரூபாயில் நாம் எந்த விரதத்தைக் காத்தோம் என்று தெரியவில்லை.

அந்த மூத்த அம்மையார் சென்ற மாதம் நடந்த குழுக்கூட்டத்தில் சில்லறைச் செலவின் விவரத்தைக் கேட்டார். எழுதிக் கொடுத்தோம். எண்ணெய்க்குச் செலவான தொகையை மூவரும் பொதுநிதியில் திரும்பச் செலுத்தினோம். வாதிட்ட நண்பர், தேநீர்ச் செலவு மட்டும் நியாயமானதே என்று இன்றும் கூறுகின்றார். அதை அம்மையாரும் ஒப்புக்கொண்டார். மீதி முந்நூறு ரூபாயை ஓட்டுநருக்குக் கைப்பேசி வழியாக அனுப்பினோம். சிறிது நேரத்தில் அவரே அழைத்து, எந்தப் பயணத்துப் பணம் என்று கேட்டார். ஐந்தருவி என்றோம். “அது அப்பவே முடிஞ்சுபோச்சே ஐயா” என்றார். வரும் சீசனுக்குக் குற்றாலம் போக வேறொரு குழுவினர் வண்டி பேசியிருப்பதாகவும், அவர்கள் ஓட்டலில் உண்பவர்கள் என்றும் சொன்னார்.